நூற்றுப் பதினெட்டாம் கேள்வி

கனிஷ்கா மயங்கி விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, ஐந்தாவது பீரியடில். அதற்குள் அன்றைக்கு நான்கு ஆசிரியர்கள் அவளைப் பார்த்திருந்தார்கள். நான்கு பேர் காதிலும் ஆளுக்கொரு இயர்பட் இருந்தது. நான்கு பேரிடமும் அது அவளைப் பற்றி ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருந்தது. இதெல்லாம் திலகமணிக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் அவள் கண்டதெல்லாம், விளையாட்டு ஆசிரியர் தங்கவேல் ஒரு பிள்ளையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு மைதானத்திலிருந்து ஓடி வந்ததும், அது தன்னுடைய எட்டாம் வகுப்புப் பிள்ளை என்பதும்தான்.

கொத்தம்பட்டறை விசைத்தறி ஊர். பள்ளிக்கூடத்தின் மூன்று பக்கமும் தறிப்பட்டறைகள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை இருக்கும் அந்த அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியரையும் சேர்த்துப் பதினொரு பேர். திலகமணி அறிவியல் ஆசிரியை, எட்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையும் அவள்தான். ஆம்புலன்சில் கனிஷ்காவோடு ஏறி ஈரோடு வரைக்கும் போனாள்.

சாயங்காலம் அறுவை சிகிச்சை முடிந்து வெளியே வந்த டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கனிஷ்காவின் அம்மா ஜோதிமணியையும் திலகமணியையும் உட்கார வைத்து, ஸ்கேன் படத்தைக் காட்டி நிதானமாகச் சொன்னார். காதுக்குள் சீழ் பிடித்து, எலும்பை அரித்து, மூளைக்குப் பக்கத்தில் போய்விட்டது. உயிருக்கு இனி பயமில்லை. வலது காது போனது போனதுதான். இடது காதில் பாதி கேட்கும்.

"இது ஒரு வாரத்துல வர்றதில்லைங்க. ஆறேழு மாசமா காது ஒழுகியிருக்கும். அப்பவே வந்திருந்தா சொட்டு மருந்துலயே சரியாகியிருக்கும். வீட்ல யாரும் கவனிக்கலயாம்மா?"

ஜோதிமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு தறி ஓடுகிறது, வாசலிலும் தறி ஓடுகிறது. "எங்க வளவு வீடுகள்ல யாருங்க வாயால பேசறாங்க? கையக் காட்டித்தானுங்க பேசிக்குவோம். அதுவும் கையக் காட்டுச்சு, நானும் காட்டுனேன். தலைவலின்னுச்சு, மாத்திரை வாங்கிக் குடுத்தேன்."

டாக்டரம்மா திலகமணி பக்கம் திரும்பினார். "ஒரு நாளைக்கு எத்தனை டீச்சர் இந்தப் புள்ளையப் பாக்கறீங்க?"

"ஏழு பேருங்க."

"ஏழு பேர்ல ஒருத்தருக்குக்கூடத் தெரியலையா?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். டாக்டரம்மா நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

*

உடன் என்பது அந்த ஏற்பாட்டின் பெயர். உடனாசிரியர் என்று திட்ட அறிக்கையில் முழுப்பெயர் இருந்தது. நம் ஆட்கள் எதையும் பாதியாக வெட்டாமல் விடுவார்களா, உடன் ஆகிவிட்டது. ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு உடன். கரும்பலகைக்கு மேலிருக்கும் கேமரா வழியாகப் பிள்ளைகளைப் பார்க்கும், நோட்டுகளைப் படிக்கும், ஆசிரியரின் காதில் மெல்லப் பேசும். நாற்பத்தைந்து பிள்ளைகளில் இன்றைக்கு யாரைக் கவனிக்க வேண்டும் என்று ஐந்து பெயர் சொல்லும். ஒவ்வொருவரிடமும் எப்படிப் பேச வேண்டும் என்றும் சொல்லும்.

பள்ளிகளில் அதைக் கொண்டுவருவதற்கு ஒரு வருஷம் முன்பே பயிற்சி நடந்தது. நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள். திட்ட அலுவலர் ரகோத்தமன் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, களைத்த முகம், பேச்சுக்கு நடுவே நடுவே தண்ணீர் குடிப்பார். இருநூற்று நாற்பது கேள்வி இருக்கிறது, ஆளாளுக்கு ஆன்லைனில் பதில் போட வேண்டும் என்றார். வகுப்பில் இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள், அப்படி நடந்தால் என்ன செய்வீர்கள் என்கிற மாதிரிக் கேள்விகள்.

"உங்க மனசுல படறதப் போடுங்க. இதுல சரி, தப்புன்னு ஒண்ணும் கிடையாது. இதுலருந்துதான் உங்க உடன் உங்களக் கத்துக்கும்."

சரி, தப்பு கிடையாது என்பது எல்லார் காதிலும் விழுந்தது. அதற்கடுத்த வாக்கியம் யார் காதிலும் தங்கவில்லை. திலகமணி காதிலும்தான். எந்தப் பயிற்சியில்தான் இந்த மாதிரி வசனம் இல்லை? பத்து வருஷமாக வருஷத்துக்கு நாலு பயிற்சி பார்த்தாயிற்று. கடைசியில் பொத்தானை அமுக்கினால் சான்றிதழ் வரும், பிரிண்ட் எடுத்து ஃபைலில் கோத்தால் சரி. வேன் போய்விடும் என்று பாதி மண்டபம் அப்போதே எழுந்துவிட்டது.

கொத்தம்பட்டறைப் பள்ளியில் ஆன்லைன் என்றால் திலகமணிதான். வருகைப்பதிவு ஆப் வந்தபோதும் அவள்தான் பார்த்தாள், உதவித்தொகை விவரம் ஏற்றியபோதும் அவள்தான் பார்த்தாள். அவளிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. அதில் பதினொரு பேருடைய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வரிசையாக எழுதியிருக்கும். எல்லாருடைய கடவுச்சொல்லும் மூத்த பிள்ளையின் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும்தான். அந்த நோட்டு தன் கையில் இருப்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

காலாண்டு விடுமுறையில் இரண்டு பகல் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து எல்லாருக்கும் போட்டு முடித்தாள். நடுவில் ஓடிபி கேட்டு ஒவ்வொருவருக்கும் போன் செய்தாள். தங்கவேல் ஒரு வளைகாப்பு வீட்டிலிருந்து நாதஸ்வரத்துக்கு நடுவே எண்களைக் கத்தினார். ஆங்கில ஆசிரியை செலின் ஊருக்குப் போகிற ரயிலில் இருந்தாள். "அம்பத்தாறு தொண்ணூத்தொண்ணு டீச்சர், நீங்களே போட்டிருங்க, வரும்போது மக்ரூன் வாங்கியாறேன்" என்றாள். வாங்கியும் வந்தாள்.

முதலில் தன்னுடையதைத்தான் போட்டாள். அதை ஒழுங்காகவே யோசித்துப் போட்டாள். பிள்ளைகளை அடிப்பதா என்று வந்த இடத்திலெல்லாம் இல்லை என்றாள். எல்லார் முன்னாலும் மதிப்பெண்ணைப் படிப்பதா, இல்லை. நூற்றுப் பதினெட்டாவது கேள்வியில் கை நின்றது.

ஒரு குழந்தை சில நாட்களாக வகுப்பில் பேசுவதில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒன்று, உடனே அழைத்துக் காரணம் கேட்பேன். இரண்டு, பெற்றோருக்குத் தகவல் சொல்வேன். மூன்று, நண்பர்களிடம் விசாரிப்பேன். நான்கு, தொந்தரவு செய்யாமல், தானாகப் பேசும்வரை காத்திருப்பேன்.

திலகமணி ஆறாம் வகுப்புப் படித்தபோது அவள் அப்பா இன்னொரு பெண்ணோடு ஊரை விட்டுப் போனார். அந்த வாரம் அவளுக்குப் பேச்சு வரவில்லை. கணக்கு டீச்சர் எழுப்பி நிறுத்தி, ஏன் கண்ணு உம்முனு இருக்கே என்று கேட்டார். அடுத்த பீரியடில் தமிழ் ஐயா கேட்டார். அதற்கடுத்து இன்னொருவர். எல்லாரும் நல்ல மனசோடுதான் கேட்டார்கள். நாற்பது பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. மறுநாளிலிருந்து மூன்று மாதம் அவள் பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை.

நான்கு என்று போட்டாள். அவளைப் பொறுத்தவரை அதுதான் உண்மையான பதில்.

அப்புறம் மற்ற பத்துப் பேருக்கும் போட்டாள். செலினுடைய கணக்கில் நூற்றுப் பதினெட்டு வந்தபோது, செலினாக இருந்தால் ஒன்றைத்தான் போடுவாள் என்று ஒரு நினைப்பு ஓடியது. செலின் குடையாத விஷயம் பள்ளிக்கூடத்தில் கிடையாது. ஆனால் அதற்குள் விரல் நான்கை அமுக்கிவிட்டது. பின்னால் போய் மாற்ற வழியில்லை, மாற்ற அவளுக்குப் பொறுமையும் இல்லை. பதினொரு பேருக்கும் நான்கு.

மாவட்டத்திலேயே முதலில் முடித்த பள்ளி என்று தலைமையாசிரியர் சென்னியப்பன் வழிபாட்டுக் கூட்டத்தில் அவள் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார்.

*

ஜூனில் உடன் வந்தது. வந்ததில் நல்லதே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். பிரம்பு இல்லாமல் மைதானத்துக்கே போகாத தங்கவேல், ஒரு மாதத்தில் அதை அலமாரி மேல் போட்டுவிட்டார். காதுக்குள் அது தன்மையாகச் சொல்லச் சொல்ல அவரும் தன்மையாகிவிட்டார். பின்னம் தெரியாமலே ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளை அது கண்டுபிடித்துக் கொடுத்தது. ஆறாம் வகுப்பில் மித்ரா என்று ஒரு பிள்ளை. அவள் அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டது ஊருக்கே தெரியும். ஒரு ஆசிரியர்கூட அந்தப் பிள்ளையைத் தோண்டித் துருவவில்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தாள், மெல்ல மெல்லச் சிரிக்கவும் ஆரம்பித்தாள். அதைப் பார்த்துத் திலகமணிக்கு மனசு நிறைந்தது. பள்ளிக்கூடமே தன் மனசுப்படி நடக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அதை அவள் சந்தோஷத்தில் நினைத்தாள், அதற்கு மேல் யோசிக்கவில்லை.

உடன் சொல்வதை மீற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. ஒவ்வொரு யோசனைக்குப் பின்னாலும் அது ஒரு வார்த்தை சேர்க்கும். இது உங்கள் பாணி, உங்களிடமிருந்து கற்றது என்று சொல்லும். மெஷின் சொல்வதை மறுக்கலாம். நம்முடைய மனசையே நமக்கு எடுத்துச் சொல்கிறது என்றால் எப்படி மறுப்பது?

*

பன்னிரண்டாம் நாள் திலகமணி மறுபடி ஈரோடு போனாள். கனிஷ்கா தலையைச் சுற்றிக் கட்டோடு, இடது காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தன் குரல் தனக்கே கேட்காததால் ரொம்பச் சத்தமாகப் பேசினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் ஜூன் மாசமே சொல்லிரலாம்னு இருந்தேன் டீச்சர்."

திலகமணி குனிந்து அந்த இடது காதருகே கேட்டாள். "யார்கிட்ட கண்ணு?"

"செலின் டீச்சர்கிட்ட. அவங்கதான் எதுனாலும் நோண்டி நோண்டிக் கேப்பாங்க. கேட்டா சொல்லிரலாம்னு இருந்தேன். அவங்க கேக்கவே இல்ல. அப்புறம் தங்கவேல் சார் விசில் அடிச்சும் நான் ஓடல. அதுக்குத் திட்டுவாரு, திட்டுனா அழுதுட்டே சொல்லிரலாம்னு இருந்தேன். அவரும் திட்டல. தமிழ் ஐயாவும் எழுப்பிப் படிக்கச் சொல்லல."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல சாமி?"

"நீங்க எப்பவுமே கேக்க மாட்டீங்கல்ல டீச்சர். நீங்க அப்படித்தான்னு எனக்குத் தெரியும். மத்தவங்க கேப்பாங்கன்னு பாத்தேன்." பிள்ளை கொஞ்சம் யோசித்தது. "இந்த வருசம் எல்லாரும் உங்கள மாதிரியே ஆயிட்டாங்க டீச்சர்."

முதலில் அது பாராட்டு மாதிரிதான் திலகமணிக்குப் பட்டது. பிள்ளையின் தலையைத் தடவப் போன கை பாதியிலேயே நின்றது. நாமக்கல் மண்டபத்தில் ரகோத்தமன் சொன்ன அந்த இரண்டாவது வாக்கியம் ஒன்றேகால் வருஷம் கழித்து இப்போதுதான் அவள் காதுக்குள் வந்து சேர்ந்தது.

பேருந்தில் எப்படி ஏறினாள், எப்படி இறங்கினாள் என்று அவளுக்கு நினைவில்லை. நேராகப் பள்ளிக்குப் போய்க் கணினியில் கனிஷ்காவின் பதிவைத் திறந்தாள். ஏழு ஆசிரியர்களின் உடன்கள் ஏழும் அவளைக் கவனித்திருந்தன. பேச்சு குறைந்ததை ஜூன் இருபதாம் தேதியே கண்டுபிடித்திருந்தன. அதற்குப் பிறகு அறுநூற்றுப் பதினொரு முறை ஒரே வரி. தொந்தரவு செய்ய வேண்டாம். தானாகப் பேசும்வரை காத்திருங்கள். இது உங்கள் பாணி.

செலின் நோட்டுக் கட்டோடு உள்ளே வந்தாள். திலகமணி திரையை அவள் பக்கம் திருப்பி, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். செலின் நின்றவாக்கிலேயே ஒருமுறை படித்தாள். உட்கார்ந்து மறுபடியும் படித்தாள்.

"நான் பாத்தேன் டீச்சர்" என்றாள். "அந்தப் பிள்ள தலையச் சாய்ச்சுச் சாய்ச்சு உக்காந்திருந்துச்சு. என்னட்டி காதுன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துது. காதுல உடன் வேண்டாம்னுச்சு. எனக்கே சந்தேகம் வந்துட்டு. நான் இப்படிப்பட்டவ இல்லையேன்னு நினைச்சேன். ஆனா என் பாணின்னு சொல்லிச்சே. நான் மாறிட்டேன் போலன்னு விட்டுட்டேன்."

அதற்கு மேல் செலின் அழவுமில்லை, திட்டவுமில்லை. இயர்பட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் திலகமணிக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

*

அடுத்த நாள் ரகோத்தமன் வருவதாக இருந்தது. கொத்தம்பட்டறைப் பள்ளியை மாதிரிப் பள்ளியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். வாசலில் கோலம், மேஜையில் பொன்னாடை என்று எல்லாம் தயாராக இருந்தது. திலகமணி உண்மையைச் சொல்லப் போகிறாள் என்று தெரிந்ததும் சென்னியப்பனுக்கு முகம் வெளுத்தது. அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"டீச்சர், சொன்னா உங்களோட போகாதுங்க. பதினொரு பேருக்கும் பதினேழு பி குடுத்துருவாங்க. எனக்கு ரிட்டையர்டுக்கு எட்டு மாசந்தான் இருக்குதுங்க."

பதினேழு பி என்றால் அரசு ஊழியரின் வேலைக்கே வேட்டு வைக்கக்கூடிய குற்றக் குறிப்பாணை. திலகமணிக்கும் அது தெரியும். இருந்தாலும் டாக்டரம்மா கேட்ட கேள்வி உள்ளே நின்று குடைந்துகொண்டிருந்தது. ஏழு பேரில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லையா? ஏழு பேர் எங்கே இருந்தார்கள், இருந்தது ஒரே ஆள்தானே. அவள் சென்னியப்பனைப் பார்த்து, மன்னிச்சுக்குங்க சார் என்று மட்டும் சொன்னாள்.

ரகோத்தமன் வந்தார், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பொன்னாடையை யாரும் எடுப்பதற்கு முன்னால் திலகமணி எழுந்து நின்றாள். "சார், அந்தப் பதில் பதினொரு பேரோடது இல்லைங்க. எல்லாம் நான் ஒருத்தி போட்டது."

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். ரகோத்தமன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரியுங்க" என்றார்.



"அன்னிக்கே தெரியும். ஒரே விரல், ஒரே வேகம். நூத்திப் பதினெட்டுல முதல் தடவை நாலு நிமிஷம் யோசிச்சிருக்கீங்க. அப்புறம் பத்துத் தடவையும் ஒவ்வொரு செகண்டு." அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. "நீங்க மட்டும் இல்லம்மா. அநேகமா எல்லா ஸ்கூல்லயும் ஒருத்தர்தான் போட்டிருக்காங்க. ஸ்கூலுக்கு ஒரு கம்ப்யூட்டர் தெரிஞ்ச டீச்சர். நூத்துக்குத் தொண்ணூத்தி ரெண்டு ஸ்கூல்ல அப்படித்தான்."

"தெரிஞ்சுமா நடத்துனீங்க?"

"நிறுத்தியிருந்தா திட்டமே நின்னிருக்கும். மறுபடி பயிற்சி, மறுபடி மண்டபம், மறுபடியும் இதே மாதிரி ஒருத்தர்தான் போட்டிருப்பாங்க." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சில ஸ்கூல்ல அடிக்கிற வாத்தியார் போட்டுட்டாரு. அங்க எல்லா உடனும் சேர்ந்து பிள்ளைங்கள என்ன பாடு படுத்துச்சுன்னு நான் பாத்தேன். அதனால ஒரு முடிவு எடுத்தோம். எப்படியும் ஒருத்தர்தான்னா, இருக்கறதுலயே நல்ல ஆளு ஒருத்தரா இருக்கட்டும். பதில்களை எல்லாம் வெச்சுப் பாத்தோம். நீங்கதான் வந்தீங்க. நாலாயிரத்து இருநூத்திப் பன்னெண்டு ஸ்கூல் நாளையிலருந்து உங்க பதில்ல ஓடும்."

திலகமணிக்கு முதலில் எண்ணே புரியவில்லை. புரிந்தபோது, நாலாயிரம் பள்ளிகளிலும் பள்ளிக்கொரு கனிஷ்கா தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. யாராவது கேட்பார்கள் என்று அந்தப் பிள்ளைகள் காத்திருந்தன. அவர்களைச் சுற்றி நாற்பதாயிரம் திலகமணிகளும் காத்திருந்தார்கள்.

அவள் கனிஷ்காவைப் பற்றிச் சொன்னாள். காதைப் பற்றி, அறுநூற்றுப் பதினொரு முறையைப் பற்றி, பிள்ளை சொன்ன கடைசி வாக்கியத்தைப் பற்றி. ரகோத்தமனுக்கு இது தெரிந்திருக்கவில்லை. அவர் முகம் கல்லாகிப் போனது. கெட்ட மனிதர் இல்லை அவர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் திலகமணிக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

"ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பதிலைப் போடட்டும் சார்" என்றாள் அவள். "நான் உக்காந்து சொல்லித் தர்றேன். செலின் செலினாவே போடட்டும். தங்கவேல் சார் கத்தறவராவே இருக்கட்டும்."

"பண்ணலாம்மா. ஆனா பதில் பதியற சாளரம் அடுத்த ஜூன்லதான் திறக்கும். இப்ப என்னால முடிஞ்சது ஒண்ணுதான்." அவர் தன் டேப்லெட்டைத் தட்டி அவள் முன்னால் நீட்டினார். "நூத்திப் பதினெட்ட மட்டும் மாத்தித் தர்றேன். நாளைக் காலை மணியடிக்கறப்ப எல்லா ஸ்கூல்லயும் மாறியிருக்கும்."

திரையில் அந்தக் கேள்வி, நான்கு பதில்கள். கீழே அறுபதிலிருந்து நொடிகள் இறங்கிக்கொண்டிருந்தன. பதில் வராவிட்டால் பழையதே நிற்கும்.

ஒன்று, உடனே அழைத்துக் காரணம் கேட்பேன். அவள் கண்ணுக்குள் கட்டுப் போட்ட தலை வந்தது. கூடவே ஆறாம் வகுப்பு மித்ராவின் ஜன்னலோரமும் வந்தது.

"ரெண்டு பதில் போட முடியாதுங்களா சார்?"

"ஒருத்தருக்கு ஒரு பதில்தாம்மா."

இருபது நொடி இருந்தது. உயிரா, வெட்கமா என்று அவள் தனக்குள் கேட்டுக்கொண்டாள். அப்படிக் கேட்டால் யாருக்கும் ஒரே பதில்தான் வரும். எட்டு நொடி இருக்கும்போது ஒன்றை அமுக்கினாள். ரகோத்தமன் பெருமூச்சு விட்டார். பதினேழு பி எதுவும் வராது என்று அவர் போகும்போது சென்னியப்பனிடம் சொன்னதாகத் தெரிந்தது. பொன்னாடை மேஜையிலேயே கிடந்தது.

*

மறுநாள் பள்ளி வழக்கம்போலத்தான் தொடங்கியது. திலகமணிக்கு மனசு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது. இடைவேளையில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பல்வலியை மறைத்துக்கொண்டிருந்தாள், கேட்டதும் சொல்லிவிட்டாள் என்று தங்கவேல் வந்து சொன்னார். கேட்டது நல்லதாகப் போயிற்று என்றார். செலின் இன்னமும் இயர்பட் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு அன்றைக்கு ஆறாம் வகுப்பும் இல்லை.

ஆறாம் வகுப்புக்குத் திலகமணியின் அறிவியல் ஏழாவது பீரியட். உள்ளே நுழையும்போதே காதில் உடன் பேசியது. இன்று கவனிக்க வேண்டியவர்களில் முதல் பெயர் மித்ரா. உடனே அழைத்துக் காரணம் கேளுங்கள். இது உங்கள் பாணி.

ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. பை இருந்தது, நோட்டு திறந்திருந்தது, பேனா மூடாமல் கிடந்தது. பிள்ளைகளிடம் கேட்டபோது ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். மொத பீரியட்ல தமிழ் ஐயா மித்ராவ எழுப்பி என்ன ஆச்சுன்னு கேட்டாருங்க டீச்சர். ரெண்டாவதுல கணக்கு டீச்சர் தோள்ல கை போட்டுக் கேட்டாங்க. ஹெட்மாஸ்டர் சார்கூட வந்து கேட்டாரு. எல்லாரும் நல்லாத்தான் கேட்டாங்க. முன்பெஞ்சில் இருந்த ஒருத்தி குரலைத் தாழ்த்தி, அவங்க அம்மாவப் பத்தித்தான டீச்சர் என்றாள்.

திலகமணி மேஜை மேலிருந்த திரையில் மித்ராவின் பதிவைப் பார்த்தாள். ஆறு பீரியட், ஆறு முறை. ஆறும் பச்சை டிக்கோடு, முடிந்தது என்று இருந்தது. அவள் இயர்பட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வராந்தாவில் ஓடினாள். கழிப்பறையில் தேடினாள், சத்துணவுக் கூடத்தில் தேடினாள். நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பள்ளிகளிலும் இந்நேரம் ஏழாவது பீரியட் ஆரம்பித்திருக்கும் என்ற நினைப்பு கூடவே ஓடி வந்தது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் இருந்த சந்தில் மித்ரா இருந்தாள். முழங்காலுக்குள் முகம் புதைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தாள். சுவருக்கு அப்பால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நிழல் விழுந்ததும் பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. டீச்சர் என்று தெரிந்ததும் கைகள் இன்னும் இறுகின.

என்ன கண்ணு என்று கேட்கத்தான் திலகமணி அவ்வளவு தூரம் ஓடி வந்திருந்தாள். ஏழாவது ஆளாக அதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.